இருநூற்றுப் பதினாலாவது மெயில்

பிப்ரவரி பதினெட்டு, புதன்கிழமை, காலை பதினொரு மணி. தம்பானூரில், கீழே லாட்ஜும் மேலே நாங்களுமாக இருக்கும் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், எங்கள் கட்டுமானக் கம்பெனியின் கிளை ஆபீஸ். இருந்தவர்கள் நான்கு பேர்.

மேனேஜரின் சுழல் நாற்காலியில், கொச்சி ஹெட் ஆபீஸிலிருந்து விசாரணைக்காக வந்திருந்த வக்கீல் ஆர்யா மேடம். அவருக்கு வலப்பக்கம், ஜன்னலோரம், நாற்காலியை விட்டுக்கொடுத்த மேனேஜர் பத்மகுமார் சார். விருந்தாளி நாற்காலி அவருக்குக் கொஞ்சம் உயரம். அதனால் மேசைக்கடியில் கிடந்த பழைய சிபியூவின் மேல் இரண்டு கால்களையும் வைத்திருந்தார். அவர்களுக்கு எதிரே, கதவுக்கு முதுகைக் காட்டி, விழிஞ்ஞம் சைட் சூப்பர்வைசர் செல்வகணேஷ். உட்கார்ந்திருந்தான் என்று சொல்லக்கூடாது. நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தான். நான் வழக்கம்போல் மூலையில், என் கம்ப்யூட்டருக்கு முன்னால். வருகிற கடிதங்களைப் பதிவதும் போகிற கடிதங்களை எழுதுவதும் பதினெட்டு வருடமாக என் வேலை.

விஷயம் இதுதான். ஒன்பதாம் தேதி விழிஞ்ஞத்தில் நாங்கள் கட்டும் கிடங்கில் சாரம் சரிந்தது. மூன்றாவது தட்டில் நின்று பூசிக்கொண்டிருந்த பிச்சைக்கனி கீழே விழுந்தார். உயிருக்கு ஒன்றுமில்லை, இடது கால் இரண்டு இடத்தில் ஒடிந்து மெடிக்கல் காலேஜில் கிடக்கிறார். குழாய்களைப் பிடிக்கிற கிளாம்ப்புகள் தெறித்துப் போயிருந்தன. அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டியது சூப்பர்வைசர். தெரிவித்தேன், மூன்றாம் தேதியே மெயில் அனுப்பினேன் என்கிறான் செல்வகணேஷ். அந்த மெயில் எங்கேயும் இல்லை.

இல்லை என்றால் அவன் வேலை போகும். கவனக்குறைவு என்று எழுதிவைத்துவிட்டால் வேறெந்தக் கம்பெனியும் அவனைச் சாரத்தின் பக்கம் சேர்க்காது. ஆனால் அவனை அரித்தது அது மட்டுமல்ல. வள்ளியூரில் பிச்சைக்கனியின் வீட்டுக்கு அடுத்த வீடு அவனுடையது. 'நான் இருக்கேன், வாங்கண்ணே' என்று அவரை இங்கே கூட்டிவந்தவனே அவன்தான். ஆஸ்பத்திரிக்குப் போனால் பிச்சைக்கனியின் மனைவி செண்பகவல்லி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்று என்னிடம் சொல்லியிருந்தான்.

"போட்டோ இருக்கு மேடம், இந்தா பாருங்க, நாலு போட்டோ. மூணாந்தேதி எடுத்தது" என்று போனை நீட்டினான்.

ஆர்யா மேடம் பாலக்காட்டுக்காரி. தமிழ் நன்றாகவே வரும், ஆதாரத்தை மட்டும் மலையாளத்தில் 'தெளிவு' என்பார். "போட்டோ எடுத்ததுக்கு இது தெளிவு. சரி. அனுப்பினதுக்கு என்ன தெளிவு?"

"சைட் டேப்லெட்ல இருந்து அனுப்புனேன்."

"அந்த டேப்லெட்?"

"தொடச்சிட்டாங்க மேடம்."

ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை எங்கள் கம்பெனி முழுக்கப் புது மெயில் ப்ரோகிராமுக்கு மாறியது. வெளியிலிருந்து வந்த டெக்னீஷியன் சிபி, காலையில் சைட்டுக்குப் போய் டேப்லெட்டைத் துடைத்துப் புதியதைப் போட்டான். மாலையில் ஆபீஸுக்கு வந்து புதுக் கம்ப்யூட்டர் வைத்தான். பழைய ப்ரோகிராம், வரும் கடிதங்களைச் சர்வரிலிருந்து இறக்கி நம் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். சர்வரில் மிச்சம் வைக்காது. பழைய கடிதங்களையெல்லாம் புதியதற்குள் ஏற்றிவிட்டதாகச் சிபி சொல்லியிருந்தான். சில பிரிவுகளைக் காணோமே என்று திங்கட்கிழமையே போன் செய்தேன். "ஸிங்க் ஆகுது சேச்சி, ஒவ்வொண்ணா வந்து சேரும், ரெண்டு நாள் பொறுக்கணும்" என்றான். பொறுத்தேன். அன்றைக்கே சாரமும் சரிந்தது.

"பத்மகுமார் சார், நீங்க அந்த மெயிலைப் பாத்தீங்களா?"

"எனிக்கு ஓர்ம இல்ல மேடம், ஞாபகமே வரல. ஒரு நாளைக்கு எத்ர மெயில் வருது. செல்வகணேஷ் நல்ல பையன்தான். பக்ஷே ஓர்ம இல்லாததை எப்படி உண்டுன்னு சொல்லும்?"

நான் எழுந்து பதிவேட்டை மேசைமேல் விரித்து வைத்தேன். பிப்ரவரி மூன்று, காலை 10.40, வரவு எண் 214, அனுப்பியவர் செல்வகணேஷ், பொருள் 'சாரத்தின் கிளாம்ப் ஆறு உடைந்துள்ளது, படம் நான்கு'. பிப்ரவரி நான்கு, அனுப்புகை எண் 171, மேனேஜர் சொல்ல நான் தட்டெழுதிய பதில்.

ஆர்யா மேடம் நிதானமாகப் படித்தார். "மெயிலுக்கு யாராவது நோட்டு எழுதுவாங்களா?"

"நான் எழுதுவேன் மேடம்."

"காகிதம் வந்தாலும் நோட்டு, மெயில் வந்தாலும் நோட்டு" என்றார் பத்மகுமார் சார். "நான் எத்ரயோ தடவை சொல்லியாச்சு. மெயிலுக்கு எதுக்கு ஜாதகம்னு."

ஆர்யா மேடம் சிரிக்கவில்லை. "விஜயலக்ஷ்மி, தப்பா எடுத்துக்காதீங்க. இது கையெழுத்து. இன்னிக்குக் காலைல எழுதினாலும் இப்படித்தான் இருக்கும். அதோட நீங்க ரெண்டு பேரும் ஒரே பக்கத்து ஆளுங்க."

"அவன் வள்ளியூர், நான் பூதப்பாண்டி. நடுவுல ஆரல்வாய்மொழிக் கணவாய் இருக்கு மேடம்."

இப்போது சிரித்தார். ஆனால் சொன்னதை மாற்றவில்லை. "எனக்கு மெயில் வேணும். அஞ்சு மணி வண்டிக்கு நான் போகணும். நாலு மணிக்குள்ள கிடைச்சா ரிப்போர்ட்ல சேர்க்கறேன். இல்லைன்னா, இல்லைன்னுதான் எழுத முடியும்."

பூதப்பாண்டிப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கடிதம் எழுத என்று வாரம் ஒரு பீரியட் உண்டு. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. மற்ற பிள்ளைகள் தூங்குவார்கள். எனக்கு அது கணக்கைவிடச் சுவாரசியமாக இருந்தது. அந்தப் பழக்கத்தில் எழுதிய நோட்டை ஒருவர் பொய்யாக இருக்கலாம் என்று, அதுவும் மரியாதையாக, சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் கத்துகிற ஆள் இல்லை. எண்ணுவேன்.

"செல்வகணேஷ், நாற்காலிய இங்க இழு. நான் நோட்டுல இருந்து ஒவ்வொண்ணா வாசிப்பேன். நீ கம்ப்யூட்டர்ல பாத்து இருக்கு, இல்லன்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் பேசாத."

"எத்தனை இருக்குக்கா?"

"ஜனவரி ஒண்ணுல இருந்து ப்ரோகிராம் மாத்தின அன்னிக்கு வரை இருநூத்தி நாப்பத்தொண்ணு."

"இருநூத்தி நாப்பத்தொண்ணா!"

"பேசாதன்னு சொன்னேன்லா."

ஆரம்பித்தோம். எண் ஒன்று, இருக்கு. எண் இரண்டு, இருக்கு. மூன்று, இல்லை. கீழே பஸ் ஸ்டாண்டில் அறிவிப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆர்யா மேடம் லேப்டாப்பில் எதையோ அடித்தார். பத்மகுமார் சார் சாயாவும் பழம்பொரியும் வரவழைத்து எல்லோருக்கும் கொடுத்தார். அந்த விஷயத்தில் அவர் குறைவைக்க மாட்டார். எண்பதைத் தாண்டும்போது செல்வகணேஷின் குரல் கம்மியது. ஒவ்வொரு 'இல்ல'வையும் தன் தலையில் விழுந்த அடியாகவே எடுத்துக்கொண்டான். இருநூற்றுப் பதினான்கு வந்தபோது திரையைப் பார்க்காமலே "இல்ல" என்றான். பார்த்துச் சொல்லு என்றேன். பார்த்தான். இல்லை.

ஒரு மணி சுமாருக்கு முடிந்தது. இருப்பது நூற்று ஐம்பத்தெட்டு. இல்லாதது எண்பத்து மூன்று.

இனிமேல்தான் விஷயம். என் பதிவேட்டில் கடைகளில் விற்கிற நோட்டில் இல்லாத ஒரு பத்தி உண்டு. நானே ஸ்கேல் வைத்துப் போட்டது. தலைப்பு 'வைத்த இடம்'. ஒரு மெயிலைப் படித்த பிறகு எந்தப் பிரிவில் போட்டேன் என்று அதில் எழுதுவேன். ஹெட் ஆபீஸ் எழுதுவது ஆங்கிலத்தில். அந்தப் பிரிவுகளுக்கு ஆங்கிலத்தில் பெயர். சைட் ஆட்கள் எழுதுவது தமிழில்; அந்தப் பிரிவுகளுக்குத் தமிழில் பெயர். 'விழிஞ்ஞம் – சாரம், ஏணி', 'விழிஞ்ஞம் – ஆள் வருகை', 'குடிதண்ணீர்' என்று பதினோரு பிரிவு.

இல்லாத எண்பத்து மூன்றையும் சிவப்புப் பேனாவால் சுழித்துவிட்டு, கடைசிப் பத்தியில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தேன். சுழித்த ஒவ்வொரு எண்ணுக்கும் நேரே தமிழ்ப் பெயர். சுழிக்காத ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலப் பெயர். ஒன்றுகூடத் தவறவில்லை.

"மேடம், ஒரு நிமிஷம் இங்க வரணும்."

ஆர்யா மேடம் வந்து குனிந்தார். நான் சொல்லாமலே அவர் விரலும் அந்தப் பத்தியில் இறங்கியது. இரண்டாவது பக்கம் திருப்பினார். மூன்றாவது பக்கம்.

"தமிழ்ப் பேர் வச்ச பிரிவு மட்டும் வரல."

"ஆமா மேடம். ஒரு மெயிலுக்காக நோட்டுல எழுதலாம். எண்பத்து மூணுக்கும் காலைலயே ஒக்காந்து எழுத எனக்குப் பைத்தியமா?"

"உங்க பதில்? அனுப்பினது அனுப்பின பெட்டில இருக்கணுமே."

இதற்கு எனக்கே வெட்கமாக இருந்தது. கேள்வியும் பதிலும் ஒரே கட்டில் இருக்க வேண்டும் என்பது என் வழக்கம். அனுப்பிய பதிலையும் அனுப்பிய பெட்டியிலிருந்து எடுத்து, வந்த கடிதத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுவேன். ஒழுங்காக இருக்கட்டும் என்று நான் செய்ததுதான் இரண்டையும் ஒன்றாகத் தொலைத்திருந்தது.

"ஐயோ அக்கா" என்றான் செல்வகணேஷ்.

"சரி, சரி. சிபியக் கூப்பிடு."

சிபி இரண்டரை மணிக்கு வந்தான். முப்பது வயது, புது மாப்பிள்ளை, கழுத்தில் சங்கிலி மின்னியது. சுழித்த பக்கங்களைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தான்.

"சேச்சி, அந்த போல்டர் எல்லாம் பேர் விசித்திரமா இருந்துது. தமிழும் இல்ல, இங்கிலீஷும் இல்ல. எட்டு எழுத்து, கொஞ்சம் நம்பர். வைரஸ்னு நெனச்சு எடுக்கல."

"நான் தமிழ்லதானே பேர் வச்சேன்?"

"பழைய ப்ரோகிராமுக்குத் தமிழ் பிடிக்காது சேச்சி. திரையில தமிழ்ப் பேர் காட்டும். உள்ள டிஸ்க்குல வேற என்னமோ பேர் போட்டு வைக்கும். அது எனக்கு அப்ப தோணல."

"இப்ப எடுத்துக் குடு."

சிபி பையிலிருந்து வேலைச் சீட்டின் நகலை எடுத்து நீட்டினான். 'பழைய ப்ரோகிராம் நீக்கப்பட்டது. டிஸ்க் முழுவதும் பார்மேட் செய்யப்பட்டது.' கீழே அவன் கையெழுத்து, என் கையெழுத்து.

"பார்மேட் செஞ்சா ஒண்ணும் கிட்டாது சேச்சி. ஸாரி."

ஆர்யா மேடம் மணியைப் பார்த்தார். பத்மகுமார் சார் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. வருத்தமா நிம்மதியா என்று நான் ஆராயவில்லை. செல்வகணேஷ் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றான். "விடுங்கக்கா. செண்பகம் மதினிட்ட நான் என்ன சொல்ல?" என்று வெளியே பார்த்தபடி சொன்னான்.

நான் அந்தச் சீட்டை மறுபடி படித்தேன். கையில் வந்த காகிதத்தை இரண்டு தடவை படிக்காமல் கீழே வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. வந்த நேரம் 3.10. போன நேரம் 3.50.

"சிபி, அன்னிக்கு நீ என்கிட்ட ஒண்ணு சொன்ன. சேச்சி, இது பழைய டிஸ்க், முழுசா பார்மேட் ஆக ரெண்டரை மணிக்கூர் ஆகும்னு. ஞாபகம் இருக்கா?"

"சொல்லியிருப்பேன்."

"மூணு பத்துக்கு வந்த. மூணு அம்பதுக்குப் போன. நடுவுல புதுக் கம்ப்யூட்டர் மாட்டின, ப்ரோகிராம் போட்ட, ஒரு சாயாவும் குடிச்ச. ரெண்டரை மணிக்கூர் எங்க?"

சிபி என்னைப் பார்த்தான், ஆர்யா மேடத்தைப் பார்த்தான், சீட்டைப் பார்த்தான். காது சிவந்தது.

"என்றெ பொன்னு சேச்சி, யாருகிட்டயும் சொல்லாதீங்க."

"வக்கீல் முன்னால ஒக்காந்துக்கிட்டு யாருகிட்டயும் சொல்லாதேங்கிறான் பாரு."

"கல்யாணம் கழிஞ்சு முதல் ட்ரிப் மேடம். பொன்முடி. வைஃப் பஸ் ஸ்டாண்டுல காத்து நிக்கிறா. அந்த பஸ் போச்சுன்னா அன்னிக்கு வேற பஸ் இல்ல. அதான்... பழைய ப்ரோகிராமை மட்டும் நீக்கினேன். பார்மேட் செய்யல. எழுதி வச்சுட்டுப் போயாச்சு."

"செய்யலியா?" செல்வகணேஷ் ஜன்னலிலிருந்து ஒரே தாவலாகத் திரும்பினான். "அப்ப உள்ள கெடக்கா?"

"கெடக்கணும்."

"அந்தக் கம்ப்யூட்டர் எங்க?" என்று கேட்டார் ஆர்யா மேடம்.

 நான் குனிந்து மேசைக்கடியில் பார்த்தேன். எல்லோரும் என் பார்வை போன பக்கம் பார்த்தார்கள்.

"பத்மகுமார் சார்" என்றார் ஆர்யா மேடம், "காலைக் கொஞ்சம் எடுங்க."

பழைய சாமான்காரனுக்குப் போடுவதாகப் பன்னிரண்டு நாளாக ஒதுக்கிவைத்த சிபியூ, அவர் செருப்பின் தூசியோடு வெளியே வந்தது. செல்வகணேஷ் அதைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி என் மேசைமேல் வைத்தான். சிபி வயர்களை மாட்டினான். பொத்தானை அமுக்கியதும் மாவு மில் போல ஒரு சத்தம். திரையில் எங்கேயோ பின்னால் போன தேதி காட்டியது. உள்ளே இருக்கிற பேட்டரி செத்திருந்தது.

"தேதியே தப்பா இருக்கே" என்றார் பத்மகுமார் சார்.

"பெட்டியோட கடிகாரம் தப்பு சார். மெயிலுக்குத் தேதி போடுறது இந்தப் பெட்டி இல்ல. வழியில உள்ள ஒவ்வொரு சர்வரும் அதன்மேல முத்திரை குத்தி அனுப்பும். கவர்மேல தபாலாபீஸ் முத்திரை மாதிரி" என்றேன். சிபி தலையாட்டினான்.

அந்த விசித்திரப் பெயர்கள் அங்கே இருந்தன. நானும் செல்வகணேஷும் சேர்ந்து எண்ணினோம். பதினொன்று. எனக்கு அப்போதே நெஞ்சு நிறைந்துவிட்டது. சிபி ஒவ்வொன்றுக்கும் சாதாரண ஆங்கிலப் பெயர் வைத்து, பென்டிரைவில் எடுத்து, புதுக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். ஒன்று, இரண்டு, மூன்று என்று இடப்பக்கம் வரிசையாகப் பிரிவுகள் முளைத்தன. 'குடிதண்ணீர்' கடிதங்கள் வந்தன. 'ஆள் வருகை' வந்தது. ஏழாவதைத் திறந்தபோது செல்வகணேஷ் போட்ட கூச்சல் கீழே லாட்ஜ் வரவேற்பறைவரை கேட்டிருக்கும்.

"கெடக்கு! அக்கா, கெடக்கு! என் மெயில் கெடக்கு!"

பிப்ரவரி மூன்று, 10.38க்கு அனுப்பியது. நான் பதிந்தது 10.40. நான்கு படங்கள். 'ஐயா, கிழக்குப் பக்கச் சாரத்தில் ஆறு கிளாம்ப் உடைந்துள்ளது. புதியது வரும்வரை ஆட்களை மேலே ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.' அதற்கடியில், நான் ஒழுங்காகப் பக்கத்தில் வைத்திருந்த பதில், பிப்ரவரி நான்கு: 'கண்டேன். புதிய கிளாம்ப் அடுத்த வாரம் வரும். அதுவரை வேலை நிற்க வேண்டாம்.' கீழே பத்மகுமார் என்ற பெயர்.

சிபி முத்திரை வரிகளைத் திறந்து காட்டினான். ஆர்யா மேடம் ஒவ்வொரு வரியாகத் தேதியையும் நேரத்தையும் தன் நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு என் பதிவேட்டை இழுத்து, 214ஆம் எண்ணுக்கு நேரே பென்சிலால் ஒரு டிக் போட்டார். அந்த டிக்கை நான் அழிக்கப்போவதில்லை.

பத்மகுமார் சார் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். 

"இது என்றெ வார்த்தைதான். வேலை நிற்க வேண்டாம்னு வேற யார் சொல்லும்?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நான் மறைக்கல விஜயலக்ஷ்மி. நிஜமா மறந்து போச்சு."

"மறந்து போறதுக்குத்தான் சார் ஜாதகம் எழுதுறது."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஆர்யா மேடம் வாக்குமூலத்தை எழுதி நீட்டியபோது, இரண்டாவது தடவை கேட்கவைக்காமல் கையெழுத்துப் போட்டார். அதற்காக அவரை நான் மதிக்கிறேன். பிறகு செல்வகணேஷைப் பார்த்து, "ஆஸ்பத்திரிக்கு நானும் வரும். நீ சொல்லுறதை விட நான் சொல்லுறதுதான் ஷரி" என்றார்.

ஆர்யா மேடம் சொல்லச் சொல்ல, தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகும் அறிக்கையை நான் தட்டெழுதினேன். 'சூப்பர்வைசர் செல்வகணேஷ் ஆறு நாட்களுக்கு முன்பே எழுத்து மூலம் எச்சரித்துள்ளார். வேலையை நிறுத்துமாறு கேட்டுள்ளார். அவர்மேல் குற்றமில்லை.' கடைசி வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் போடலாமா என்று கேட்டேன். வேண்டாம், சாதாரண எழுத்தே போதும் என்றார். இணைப்பு: மெயில் இரண்டு, படம் நான்கு, பதிவேட்டின் பக்க நகல் ஐந்து.

பிரிண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது செல்வகணேஷ் ஸ்பீக்கரில் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான். செண்பகவல்லி எடுத்தாள். அவன் பேசத் தொடங்கி, "நீங்க வாசிங்கக்கா" என்று போனை என்னிடம் தந்தான். நான் கடிதத்தை அப்படியே வாசித்தேன், தேதியோடு, நேரத்தோடு. அந்தப் பக்கம் போன் கைமாறுவது கேட்டது. பிறகு பிச்சைக்கனியின் குரல் வந்தது.

"ஏலே செல்வம், ஆட்கள மேல ஏத்த வேண்டாம்னே எழுதிட்டியாலே?"

"எழுதுனேம்ணே. பதில் இப்பிடி வந்ததால ஏத்தினேன். அதுக்கு என்னைய மன்னிச்சிரணும்."

"போலே. மதினி இங்க அழுதுக்கிட்டு இருக்கா. ராத்திரிச் சாப்பாடு கொண்டு வா. ரசம் வேண்டாம், மீன் கொழம்பு. ஆஸ்பத்திரிக் கஞ்சியக் குடிச்சுக் குடிச்சு நாக்கு செத்துப் போச்சு."

"கொண்டு வாறேண்ணே!" என்று அவன் போட்ட சத்தத்தில் சிபிகூடச் சிரித்துவிட்டான்.

நான்கு பத்துக்குக் கையெழுத்துகள் முடிந்தன. பழுப்பு உறை எடுத்தேன். பெறுநர் முகவரியை வலப்பக்கம், அனுப்புநரை இடப்பக்கம் கீழே எழுதினேன். காகிதங்களைப் பக்க எண் பார்த்து அடுக்கி, மூன்றாக மடிக்காமல் நீளவாக்கில் ஒருமுறை மட்டும் மடித்து உள்ளே வைத்தேன். பசை தடவி, ஸ்கேலின் விளிம்பால் ஓரத்தை அழுத்தித் தேய்த்தேன். அதன்மேல் செலோடேப். ஒட்டிய இடத்தின் குறுக்கே ஆர்யா மேடம் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார். அனுப்புகை எண் 203 என்று உறையின் மூலையிலும் பதிவேட்டிலும் எழுதினேன்.

ரயில்வே ஸ்டேஷன் எதிரிலேயே. ஆர்யா மேடம் பெட்டியைத் தூக்கிக்கொள்ள, உறையை நான் கொடுக்க மாட்டேன் என்று என் கையிலேயே வைத்துக்கொள்ள, செல்வகணேஷ் எங்களுக்கு முன்னால் ஆட்டோக்களைக் கைகாட்டி நிறுத்திக்கொண்டே ரோட்டைக் கடந்தான். ஸ்டேஷனிலுள்ள ஆர்.எம்.எஸ். தபால் கவுண்டரில் இரண்டு பேர்தான் நின்றார்கள். எங்கள் முறை வந்தது. கவுண்டர் பெண் உறையைத் தராசில் வைத்து, பார்கோடு சீட்டை ஒட்டி, டக்கென்று முத்திரை குத்தினாள். நேரம் நான்கு முப்பத்தெட்டு. ரசீதை என்னிடம் தந்துவிட்டு, உறையைப் பின்னால் வாய் திறந்து கிடந்த பைக்குள் போட்டாள்.